புகார்க் குழுத் தலைவியின் மடியில் ஒரு தாம்பாளம்

2025 ஜூலை 21, திங்கள்

குழாயில் தண்ணீர் வராததால் கம்பெனிக்குத் தாமதமாகப் போனேன். போனதும் குமாரசாமி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். முதலாளி உட்காரச் சொன்னால் எதையோ தலையில் கட்டப் போகிறார் என்று அர்த்தம். அவருடைய அப்பா காலத்திலிருந்து இங்கே கணக்குப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். எங்களிடமும் குழு உண்டு, நோட்டீஸ் போர்டில். அதில் பெயர் உள்ள ஒருத்தி கல்யாணமாகித் துபாய்க்கே போய்விட்டாள். இப்போது அப்படி ஏமாற்ற முடியாதாம். குழுவை அரசாங்க இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். போதாக்குறைக்கு இந்த மாதத்திலிருந்து புது விதி: எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று கம்பெனி தன் ஆண்டறிக்கையிலேயே சொல்ல வேண்டும். ஆடிட்டர் விரட்டுகிறார்.

"நீங்களே தலைவியா இருந்துக்கோங்கக்கா. வருசா வருசம் சைபர்னு எழுதிப்போட்டா முடிஞ்சுது" என்றார்.

பம்பு மோட்டார் செய்கிற கம்பெனியில் எனக்கு ஒரு பதவி. வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் கதிர்வேல், "தலைவி கையால இன்னிக்கு சோறு கெடைக்குங்களா?" என்று கேட்டார். குசும்பு பிடித்த மனுஷன்.

ஜூலை 24, வியாழன்

குழுவில் நான்கு பேர். நான், வைண்டிங் செக்ஷன் மாசாணம் அண்ணன், பேக்கிங்கில் இருக்கும் லட்சுமியம்மாள் அக்கா, வெளியாளாக ஹுமேரா. ஹுமேரா உக்கடத்தில் பெண்களுக்கான ஆலோசனை மையம் நடத்துகிறார். இன்று கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இங்க யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிடறீங்களா?" என்று எடுத்தவுடன் கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இங்கே பேர் ஏது? புது ஆள் வந்தால் டீ ஆறுவதற்குள் எந்த ஊர், என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று கேட்டு முறை வைத்துவிடுவார்கள். ஒரே கூட்டமென்றால் பங்காளி, அண்ணன் தங்கை. வேறு கூட்டமென்றால் மாமன் மச்சான். பெண் எடுக்கலாம், கொடுக்கலாம், கேலியும் பேசலாம்.

அசெம்பிளி சூப்பர்வைசர் கிருபாசங்கர் பின்னால் நின்றுகொண்டு, "அப்ப மொறைப்பொண்ணைக் கேலி பேசுனா செயிலுங்களா மேடம்?" என்றான். முதலாளியின் மச்சான் அவன், சம்சாரத்தின் தம்பி. முப்பத்தைந்து தாண்டியும் பெண் அமையவில்லை. எங்கள் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிற கவலைதான் இது. அவன் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

டெஸ்டிங் பெஞ்ச் அக்ஷிதா மட்டும் சிரிக்கவில்லை. டிபன் டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 28, திங்கள்

அக்ஷிதா மதியம் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவிநாசிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். டிப்ளமோ படித்தவள், வேலையில் படு சுத்தம்.

கிருபாசங்கரைப் பற்றிச் சொன்னாள். தினமும் அவள் உள்ளே வரும்போது "எம்பட பொண்டாட்டி வந்துட்டா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறானாம். பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் போகும்போது இடுப்பில் கை வைத்துத் தள்ளிவிட்டுப் போகிறானாம். நேரில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். "மாமனுக்கு இல்லாத உரிமையா?" என்றானாம்.

நான் என்ன சொன்னேன்? "மொறைக்காரன் கண்ணு, அப்படித்தான் பேசுவான். கண்டுக்காத. ஒரு பொண்ணு அமைஞ்சா சரியாயிருவான்" என்று சொன்னேன். சரிங்கக்கா என்று போய்விட்டாள்.

குழுத் தலைவியாம், குழுத் தலைவி. வெளக்கமாத்துக்குப் பட்டுக் குஞ்சலம்.

ஜூலை 30, புதன்

இன்று டெஸ்டிங் பக்கமாகப் போகும்போது அந்தச் சந்துக்கு எதிரே நின்று பார்த்தேன். ஒருவர்தான் போகலாம். இடது பக்கம் நல்ல அகலமான வழி இருக்கிறது. அவன் ஏன் சந்தில் போகிறான் என்று இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஆகஸ்ட் 1, வெள்ளி

நானே அவளைக் கூப்பிட்டு, அன்று சொன்னது தப்பு என்றேன். அவள் பையைத் திறந்து மடித்த தாளை எடுத்தாள். ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறாள். நான் வாங்கமாட்டேன் என்று நினைத்து நேரே கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோக இருந்தாளாம்.

வாங்கிவிட்டேன். ஆனால் கதிர்வேலின் லேத்துப் பட்டறைக்கு வருகிற ஷாஃப்ட் வேலை மொத்தமும் இந்தக் கம்பெனியிலிருந்துதான் வருகிறது. கிருபாசங்கர்தான் அனுப்புகிறவன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கொடுமுடி போய் வந்த களைப்பில் இருந்தார் முதலாளி. நான் புகாரைச் சொன்னதும் களைப்பு போய்விட்டது. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நம்மூட்டு விசயத்தை நாமளே பேசிக்கலாமுங்க்கா. தாளைக் கிழிச்சுப்போடுங்க. நான் அவனை நாலு வாங்கு வாங்கிப்போடறேன்" என்றார்.

கிழிக்க முடியாது என்று சொன்னேன். எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது.

ஹுமேராவிடம் போனில் சொன்னால் அவர் என்மேல் பாய்கிறார். புகார் வந்ததைக் குழு தாண்டி வெளியே சொல்லவே கூடாதாம், முதலாளியிடம் ஏன் ஓடினேன் என்று கேட்டார். இத்தனை வருஷப் பழக்கம். இங்கே பியூஸ் போனாலும் முதலில் அவரிடம்தான் சொல்வோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

புகாரின் நகலைக் கிருபாசங்கரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். "மொறையில பேசுனதுக்குக் கேஸாங்க்கா? உங்களைக் கட்டும்போது எங்க கதிரு மாமன் பேசாத பேச்சா?" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் பேசியது உண்மைதான். ஆனால் அப்போது எனக்குப் பிடித்திருந்தது. இதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வருகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

லேத்துக்கு வேலை வரவில்லை. கதிர்வேல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்த மெஷினையே மறுபடியும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவனுடைய பதில் வந்தது. எழுத்தில் தந்திருக்கிறான்: அக்ஷிதா தனக்கு முறைப்பெண், கேலி பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம், இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை.

குழு கூடியது. மாசாணம் படித்துவிட்டு, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றார். லட்சுமியம்மாள் அக்கா எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஹுமேரா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன். மாசாணத்தின் தலை ஆடியபோது என் தலையும் கொஞ்சம் ஆடியதை ஹுமேரா பார்த்திருப்பாரோ?

ஆகஸ்ட் 16, சனி

முதலாளியின் சம்சாரம் போன் செய்தார். ஆடி இன்றோடு முடிகிறது, தம்பிக்குப் பெண் கேட்டு நாளைக்கு ஓர் இடத்துக்குப் போகிறார்களாம், அவிநாசிப் பக்கம். ஒற்றைப்படையில் போக வேண்டும், தாம்பாளம் எடுக்க ஒரு சுமங்கலி குறைகிறது, நீங்கள் வர வேண்டும் என்றார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவனுக்கு ஓர் இடம் அமைந்தால் இந்தத் தலைவலி தானாகத் தீர்ந்துவிடும். கதிர்வேலும், "போய்ட்டு வா. அவிங்க கோவமும் தணியும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான் எப்பேர்ப்பட்ட முட்டாள்.

இரண்டு கார். முதலாளி, சம்சாரம், கிருபாசங்கர், பெரியவர்கள் சிலர், நான். யாருடைய வீடு என்று கேட்டேன். தெரிஞ்ச இடம்தானுங்க என்று முதலாளியின் சம்சாரம் சிரித்தார். அவிநாசிக் கோயிலைத் தாண்டி உள்ளே திரும்பியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கார் நின்றதும் ஒரு வீட்டுக் கொடியில் எங்கள் கம்பெனியின் நீல யூனிஃபார்ம் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

அப்போதே இறங்காமல் இருந்திருக்கலாம். இறங்கினேன். கையில் தாம்பாளம்: பூ, பழம், தேங்காய். பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிறார்கள், முன்னால் அந்த அம்மா "வாங்க வாங்க" என்று கும்பிடுகிறார். பூவாத்தாள் என்று பேர். அக்ஷிதாவின் அம்மா. அப்பா போய் நான்கு வருஷமாகிறதாம். மகள் புகார் கொடுத்தது அவருக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய மனுஷர்கள் திடீரென்று வந்துவிட்டார்களே என்று சேர் துடைக்கிறார்.

அக்ஷிதா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த கண் என்னிடம் வந்ததும் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கீழே தேங்காய்தான் தெரிந்தது.

புகார் கொடுத்த பெண்ணின் வீட்டுக்கே, புகாரில் உள்ளவனுக்குப் பெண் கேட்டு, விசாரிக்க வேண்டியவள் தாம்பாளத்தோடு. உலகத்தில் வேறு எங்காவது இது நடக்குமா?

"புள்ளைங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம். கட்டி வெச்சுட்டா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். தாம்பாளத்தை முன்னால் வைக்கச் சொல்லி அவருடைய சம்சாரம் என் முழங்கையைத் தொட்டார். வைத்தால் கேட்டதாக அர்த்தம். நான் அசையவில்லை. இரண்டாவது முறை தொட்டார். அப்போதும் அசையவில்லை. தைரியமெல்லாம் இல்லை, கை மரத்துவிட்டது.

பூவாத்தாள்தான் தயங்கித் தயங்கி, நீங்க என்ன கூட்டமுங்க என்று கேட்டார். கிருபாசங்கரின் பெரியப்பா பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா குழப்பத்தோடு பார்த்தார்.

"இவிங்கப்பாவும் அதே கூட்டந்தானுங்களே. அப்ப நீங்க பங்காளிகளாச்சே" என்றார்.

விஷயம் என்னவென்றால், அந்த ஊரில் எல்லாரும் பூவாத்தாளின் பிறந்த கூட்டம். அக்ஷிதாவின் அப்பா வெளியூரிலிருந்து வந்து வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவர். எந்த ஊர் என்பதோடு நிறுத்திக்கொண்டு, ஊர்ப் பெயரை வைத்து இவனாகக் கூட்டத்தை முடிவுசெய்து, இவனாக மாமனாகிவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறையைக்கூடக் கேட்கவில்லை, மற்றதை எங்கே கேட்கப் போகிறான்?

காபி வருவதற்குள் எழுந்துவிட்டோம். திரும்பும்போது காரில் தாம்பாளம் கருமத்தம்பட்டி வரைக்கும் என் மடியிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

செய்தி எனக்கு முன்னால் கம்பெனிக்கு வந்துவிட்டது. போன வாரம்வரை கிருபாசங்கரோடு சேர்ந்து சிரித்தவர்கள் இன்று முகத்தைச் சுளிக்கிறார்கள். தங்கச்சி முறையில் போய் இப்படிப் பேசியிருக்கிறானே என்று மாசாணம் காதைப் பொத்திக்கொள்கிறார். அவரேதான், வியாழக்கிழமை நியாயம் இருக்கிறது என்றவர்.

முதலாளிக்கு நிம்மதி. இனி வழக்கே இல்லை என்கிறார். தெரியாமல் பேசிவிட்டான், மன்னிப்புக் கேட்டுவிடுவான், சமரசம் என்று எழுதி முடிக்க வேண்டியது. மதியம் கிருபாசங்கர் எல்லார் முன்னாலும் டெஸ்டிங் பெஞ்சுக்கு வந்து, "தங்கச்சி, அண்ணனை மன்னிச்சுக்கோ" என்றான். கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்ஷிதா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணன் மொறைன்னா தப்பு. மாமன் மொறையா இருந்திருந்தா செரிங்களாக்கா?"

பெஞ்சில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வேண்டாம்னு சொன்னேன், அதை யாராவது எழுதுங்க, அது போதும் என்றாள். அழவில்லை. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த மோட்டாரை ஏற்றினாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று முழுக்க மறைக்கலாமா என்று யோசித்து, இன்று ஹுமேராவிடம் தாம்பாள விஷயத்தைச் சொல்லிவிட்டேன். 

"நீங்க இதை விசாரிக்கக் கூடாது மேடம். இல்ல, அந்தப் பொண்ணு சரின்னா மட்டும் விசாரிக்கலாம். எழுதிக் கொடுத்துட்டு அவளையே கேளுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நாளை மறுநாள் சொல்கிறேன் என்றாள்.

வீட்டில் கதிர்வேலிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். "உங்களாலதான் போனேன், வேலை வேலைன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தீங்க" என்று கத்தினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போய் வரும்போது சின்னவேடம்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேசிவிட்டு வந்திருக்கிறார். கூலி குறைவாம். "அதனால என்ன, மெசினு ஓடுனாப் போதும்" என்றார். கத்தியது தப்பு.

ஆகஸ்ட் 21, வியாழன்

அக்ஷிதா வந்தாள்.

"நீங்களே இருங்கக்கா. அவிங்க ரெண்டு தடவை கையைத் தொட்டாங்க. நீங்க தட்டைக் கீழ வெக்கலை. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

கை மரத்துப் போய்த்தான் வைக்கவில்லை என்று அவளிடம் சொல்லவா? சொல்லிவிட்டேன். கொஞ்சம் சிரித்தாள். "பரவால்லைங்க, மரத்த கையும் கைதானுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விசாரணை. காலையிலிருந்து மாலைவரை. முறை என்ற சொல் இந்த அறையில் யார் வாயிலும் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மாசாணத்துக்குப் பாதி வாக்கியம் தொண்டையிலேயே நின்றது. ஆனால் மனுஷன் நேர்மையானவர்: அவள் வேண்டாம் என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும், அன்று தானும் சிரித்ததாகவும் சொல்லிப் பதிவு செய்யச் சொன்னார்.

அக்ஷிதா அந்தச் சந்தைப் பற்றிச் சொல்லும்போது லட்சுமியம்மாள் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. எழுந்து வெளியே போய், வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். இந்த முறை எங்கே கையெழுத்து என்று கேட்கவில்லை. படித்துக் காட்டச் சொன்னார், முழுவதும்.

செப்டம்பர் 12, வெள்ளி

அறிக்கையைக் கொடுத்துவிட்டோம். புகார் உண்மை. பெண்கள் வேலை செய்யும் பிரிவில் அவனுக்கு இனிப் பொறுப்பு இல்லை, சம்பள உயர்வு நிறுத்தம், எழுத்தில் மன்னிப்பு. நான்கு கையெழுத்து.

முதலாளி படித்து முடித்துவிட்டு, "உங்களை எங்கூட்டு ஆளாட்ட நெனச்சுட்டு இருந்தேனுங்க" என்றார். வலித்தது. இங்கே எழுதுவதற்கென்ன, ரொம்பவே வலித்தது. அவருடைய கல்யாணத்துக்கு மொய் எழுத உட்கார்ந்தவளே நான்தான்.

செப்டம்பர் 22, திங்கள்

கிருபாசங்கரைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். டெஸ்டிங் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சந்தை யாரோ பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். மாசாணத்தின் வேலையாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. முதலாளி வீட்டிலிருந்து இந்த வருஷம் பலகாரம் வரவில்லை. அவர் இப்போது என்னை மேடம் என்கிறார். அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டே பழகிய காது, இன்னும் திரும்பிப் பார்க்க மறுக்கிறது.

அக்ஷிதாவின் அம்மா அவள் கையில் முறுக்கு கொடுத்து அனுப்பியிருந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். கதிர்வேல் ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்துவிட்டார்.

2026 மார்ச் 31, செவ்வாய்

வருஷக் கடைசி. ஆடிட்டர் ஆபீசிலிருந்து காலையிலேயே கேட்டுவிட்டார்கள்: இந்த நிதியாண்டில் வந்த புகார் எத்தனை? முதலாளி என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். சைபர் என்று சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "ஒன்னுன்னு போட்டுருங்க மேடம். வந்தது வந்ததுதானுங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் இந்த ஆறு மாதத்தில் ஏதோ ஆகியிருக்கிறது.

வந்தவை: ஒன்று. தீர்ந்தவை: ஒன்று. எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மெயிலை அனுப்புவதற்கு முன் கதவு திறந்தது. லட்சுமியம்மாள் அக்கா. கதவைச் சாத்திவிட்டு, நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த பேக்கிங் டேப்பைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தார்.

"புகாரு எத்தனைன்னு அனுப்பிப்போட்டியா கண்ணு?"

இன்னும் இல்லை, ஒன்று என்று எழுதியிருக்கிறேன் என்றேன்.

"அனுப்பாத" என்றார். "எனக்கு ஒன்னு சொல்லோணும்."

எழுதியதை அழித்தேன். எழுந்து போய்க் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு வந்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். சொல்லுங்கக்கா என்றேன்.